அச்சேறாத மூன்றாம் பாகம்

பி.காம். அல்லது எம்.பி.ஏ. படிக்கும் பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால், அவர்களுடைய மேலாண்மைப் பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். முதல் சில பாடங்களுக்குள்ளேயே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்துவிடுவார். பெயர் ஆன்ரி ஃபயோல். பெயருக்குக் கீழே வரிசையாக 14 கோட்பாடுகள் இருக்கும். வேலைப் பகிர்வு, அதிகாரம், ஒழுங்கு, ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்று போய்க் குழு உணர்வில் முடியும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், மதிப்பெண் வாங்குவார்கள், மறந்துவிடுவார்கள்.

நான் அரசு எழுத்தராக இருந்த காலத்தில் எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பிலும் இதே பட்டியல் ஆங்கிலத்தில் கரும்பலகையில் ஏறியது. பாடம் எடுத்தவர் "ஃபேயால்" என்று உச்சரித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்று நினைத்துக்கொண்டேன். பெயரின் எழுத்துகளைப் பார்த்த பிறகுதான், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, "அட, இவர் நம்ம பள்ளிக்கூடத்து மொழிக்காரர் ஆயிற்றே" என்று பொறி தட்டியது. ஓய்வு பெற்ற பிறகு அந்த நூலை அது எழுதப்பட்ட பிரெஞ்சிலேயே வாசித்தேன். கரும்பலகையில் பார்த்த ஃபயோல் வேறு, நூலில் பார்த்த ஃபயோல் வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஃபயோல் பிறந்தது 1841இல், கான்ஸ்டான்டிநோபிளில். அதாவது இன்றைய இஸ்தான்புல். தகப்பனார் வேலை நிமித்தம் அங்கே போயிருந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் பிரான்சுக்குத் திரும்பியது. பையன் சேன்ட் எத்தியேன் நகரத்துச் சுரங்கப் பொறியியல் பள்ளியில் படித்து, 1860இல், 19 வயதில் வெளியே வந்தான். உடனே நடு பிரான்சில் கொமாந்த்ரி என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளர் வேலை கிடைத்தது. அன்று நுழைந்த கம்பெனியில்தான் கடைசிவரை இருந்தார். பெயர் மாறியது, மற்ற கம்பெனிகள் வந்து சேர்ந்தன. ஆனால் ஃபயோல் முதலாளி மாறவில்லை. நம் தலைமுறை அரசு ஊழியருக்கு இது புரியும். ஒரே இடத்தில் வேர் பிடித்த மனிதர்.

கொமாந்த்ரி சுரங்கத்தின் பெரிய தொல்லை நெருப்பு. நிலத்தடியில் நிலக்கரி தானாகவே பற்றிக்கொள்ளும். இளம் பொறியாளரின் வேலை அந்த நெருப்போடு போராடுவது. அவர் அணைத்ததோடு நிற்கவில்லை. நிலக்கரி காற்றுப் பட்டால் எப்படி மாறுகிறது, எப்படித் தானாகப் பற்றுகிறது என்று சோதனை செய்து, கட்டுரைகளும் எழுதினார். 25 வயதில் அந்தச் சுரங்கத்துக்கே மேலாளர் ஆனார்.

அவருடைய குறிப்புகளில் 1861ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சம்பவம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள்ளே வண்டி இழுக்கக் குதிரைகள்தான். ஒரு நாள் காலை, ஆறாவது மட்டத்தில் வேலை செய்த குதிரைக்குக் கால் முறிந்துவிட்டது. ஃபயோல் மாற்றுக் குதிரை கேட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். லாயக்காரர் வாங்க மறுத்துவிட்டார். சீட்டில் இயக்குநரின் கையெழுத்து இல்லையாம். இயக்குநரோ அன்று ஊரில் இல்லை. அவர் இல்லாதபோது யார் கையெழுத்துப் போடலாம் என்று எந்த ஏற்பாடும் இல்லை. ஃபயோல் கெஞ்சிப் பார்த்தார். தனக்கு வந்த உத்தரவு அப்படி என்று லாயக்காரர் அசையவில்லை. குதிரைகள் லாயத்தில் நின்றன. அந்த மட்டத்தில் அன்றைய வேலை நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்களே, இங்கே சாமியே ஊரில் இல்லை.

இதில் லாயக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். உத்தரவை மீறிக் குதிரையைக் கொடுத்து, பிறகு ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அவர். கொடுக்காமல் இருந்து வேலை கெட்டால் அவரை யாரும் கேட்க முடியாது. தவறு லாயத்தில் இல்லை. மேலே, ஏற்பாடு செய்யாமல் ஊருக்குப் போனவரிடம் இருந்தது. அந்த இளம் பொறியாளர் அன்று பார்த்ததைத்தான் பிறகு வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

1888இல் கம்பெனியின் தலைமை நிர்வாகப் பொறுப்பு ஃபயோலிடம் வந்தது. அப்போது அது மூழ்கும் கப்பல். 1885 முதல் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையே கிடையாது. சுரங்கத்தில் நிலக்கரி தீர்ந்துகொண்டிருந்தது. ஃபயோல் நஷ்டம் தரும் ஆலைகளை மூடினார். நல்ல நிலக்கரி உள்ள வேறு சுரங்கங்களைச் சேர்த்தார். 1892இல் தெக்காஸ்வில் சுரங்கங்களும் ஆலைகளும் வந்தன. அது சாதாரண இடமில்லை. 1886இல் அங்கே வேலைநிறுத்தத்தின்போது வாட்ரேன் என்ற துணை இயக்குநரைக் கோபம் கொண்ட கூட்டம் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்து கொன்றிருந்தது. அப்படிப்பட்ட ஊரை நிமிர்த்த வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், இம்ஃபி என்ற ஊரில் இருந்த உருக்காலையில் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். சூட்டில் ஏறக்குறைய விரியாத 'இன்வார்' என்ற உலோகக் கலவையைக் கண்டறிந்த கியோம் என்ற விஞ்ஞானிக்கு அந்த ஆலையின் துணை இருந்தது. அவருக்கு 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஃபயோல் 1918இல் பொறுப்பை விட்டபோது கம்பெனி கெட்டியாக நின்றது.

இதற்கெல்லாம் காரணம் தன் பொறியியல் அறிவு இல்லை என்று ஃபயோல் சொன்னதுதான் விசேஷம். அதே சுரங்கம், அதே ஆலை, அதே ஆட்கள். மாறியது நிர்வாக முறை மட்டுமே என்றார். நிர்வாகம் என்பதும் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் அறிவு, அதைப் பள்ளியிலிருந்தே சொல்லித்தர வேண்டும் என்று வாதாடினார். அன்றைய பிரெஞ்சுப் பொறியியல் பள்ளிகள் கணக்கில் ஊறிக் கிடந்தன. ஒரு தொழிலை நடத்துகிறவருக்குச் சாதாரண வீதக் கணக்கே போதும் என்று அவர் எழுதியபோது பேராசிரியர்கள் முகம் சுளித்திருப்பார்கள். தன் அனுபவத்திலிருந்து ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். தொழிலாளிக்கு வேண்டிய திறமையில் தொழில்நுட்பம் 85 பங்கு, நிர்வாகம் 5 பங்கு. பெரிய கம்பெனியின் தலைவருக்கோ நிர்வாகம் 40, தொழில்நுட்பம் 15. மேலே ஏற ஏற வேலையே வேறாகிவிடுகிறது. நல்ல பொறியாளரைத் தூக்கி மேலே உட்கார வைத்தால் நல்ல நிர்வாகி ஆகிவிடுவார் என்ற நம்பிக்கை தவறு என்பது இதன் பொருள்.

இந்தக் கருத்துகளை 1900இலும் 1908இலும் சுரங்கப் பொறியாளர் கூட்டங்களில் பேசினார். 1916இல், உலகப் போருக்கு நடுவே, சுரங்கத் தொழில் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். பிறகு அது நூலாயிற்று. "தொழில் நிர்வாகமும் பொது நிர்வாகமும்" என்று தமிழில் சொல்லலாம். அப்போது அவருக்கு வயது 75.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த நூலுக்கு அவர் நான்கு பாகங்கள் திட்டமிட்டிருந்தார். முதல் பாகம், நிர்வாகத்தைச் சொல்லித்தர வேண்டிய அவசியம். இரண்டாவது, கோட்பாடுகளும் நிர்வாகத்தின் கூறுகளும். மூன்றாவது, தன் சொந்த அனுபவங்களும் கவனித்தவையும். நான்காவது, போர் தந்த பாடங்கள். முதல் இரண்டு பாகங்கள் மட்டுமே வந்தன. மூன்றாவதும் நான்காவதும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே ஆய்வாளர்கள் மூலம் வெளிவந்தன. ஆக, உலகம் கையில் எடுத்தது பாதி நூல். கோட்பாடு வந்தது, அந்தக் கோட்பாடு எங்கிருந்து பிறந்தது என்ற கதை வரவில்லை.

இரண்டாவது குறை, மொழிபெயர்ப்பு. பரவலாகக் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1949இல்தான் வந்தது. நூல் பெயரில் இருந்த 'அத்மினிஸ்த்ரசியோன்' ஆங்கிலத்தில் 'மேனேஜ்மென்ட்' ஆயிற்று. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் இராணுவத்துக்கும் தேவாலயத்துக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி ஃபயோல் எழுதினார். மொழி மாறியதும் அது கம்பெனி சமாசாரம் போல ஆகிவிட்டது.

நிர்வாகத்துக்கு அவர் சொன்ன ஐந்து கூறுகளில் கடைசியானது 'கொந்த்ரோல்'. ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல்'. அங்கிருந்து தமிழுக்குக் 'கட்டுப்பாடு' என்று வந்தது. கட்டுப்பாடு என்றதும் பிரம்போடு நிற்கும் ஹெட்மாஸ்டர்தான் மனதில் வருவார். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல்லின் முதல் பொருள் சரிபார்த்தல். ரயிலில் டிக்கெட் பார்க்கிறவரை அங்கே 'கொந்த்ரோலர்' என்பார்கள். அவர் யாரையும் அடக்குவதில்லை. டிக்கெட் சரியா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். திட்டமிட்டபடி நடக்கிறதா என்று பார்த்து, தவறு இருந்தால் திருத்துவதையே ஃபயோல் சொன்னார். முதல் கூறான 'ப்ரெவ்வாயான்ஸ்' என்பதும் அப்படித்தான். வருவதை ஊகிப்பது, அதற்கு ஆயத்தமாக இருப்பது இரண்டும் அதில் உண்டு. வருமுன் காத்தல் என்ற நம் சொல் கச்சிதமாகப் பொருந்தும். 'திட்டமிடுதல்' என்றால் பாதிதான் கிடைக்கிறது.

14 கோட்பாடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்பது. அமெரிக்காவில் டெய்லர் ஒரு தொழிலாளிக்கு எட்டு மேஸ்திரிகள் வரை, ஆளுக்கொரு வேலைக்கு, உத்தரவிடலாம் என்று ஓர் ஏற்பாடு சொல்லியிருந்தார். டெய்லரை மதித்த ஃபயோல் இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்ற கட்சி அவர்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஒன்பதாவது கோட்பாடு. மேலிருந்து கீழ்வரை போகும் பதவிப் படிக்கட்டு. பாடப் புத்தகம் இதைப் படித்தால் 'த்ரூ பிராப்பர் சானல்' என்ற நம் பழைய தலைவலிக்கு வக்காலத்து வாங்குவது போலத் தெரியும். நூலில் ஃபயோல் ஒரு படம் போட்டிருக்கிறார். சாய்வான இரண்டு ஏணிகள், உச்சியில் சந்திக்கின்றன. ஒரு துறையின் கீழ்ப்படியில் ஒருவர். அடுத்த துறையில் அதே படியில் இன்னொருவர். முதலாமவர் இரண்டாமவரிடம் ஒரு விவரம் கேட்க வேண்டும். முறைப்படி என்றால், கடிதம் ஐந்து படி ஏறி உச்சிக்குப் போய், அங்கிருந்து ஐந்து படி இறங்க வேண்டும். பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 20 படி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

அதற்கு அவர் சொன்ன மாற்று, இரண்டு ஏணிகளுக்கும் குறுக்கே ஒரு நடைபாலம். பிரெஞ்சில் 'பஸ்ரேல்'. இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். நிபந்தனை இரண்டே. அவரவர் நேர் மேலதிகாரி அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பேசி முடிவு செய்ததை உடனே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் மட்டும் மேலே போகட்டும். காரணமின்றிப் படிக்கட்டைத் தாண்டுவது தவறு. அதைப் பிடித்துக்கொண்டே வேலையைக் கெடுப்பது அதைவிடப் பெரிய தவறு என்பது அவர் முடிவு. அரசு அலுவலகங்கள் பாலத்தை மறந்து ஏணியிலேயே கிடக்கின்றன என்றும் சொன்னார்.

எண்பதுகளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு தேதி பற்றிய சந்தேகம். அதைத் தீர்க்க வேண்டிய பிரிவு அதே மாடியில், வராந்தாவுக்கு அந்தப் பக்கம். ஆனால் வேறு துறை. கோப்பு இங்கே எழுத்தர், கண்காணிப்பாளர், சார்புச் செயலர் என்று ஏறி, அங்கே அதே வரிசையில் இறங்கி, "விவரம் தெளிவில்லை" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும். மறுபடி ஏறும். அந்த அம்மா வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். எந்த மேசையில் கேட்டாலும் "போயிருக்கு, வரணும்" என்ற பதில். அது பொய்யும் இல்லை.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஒருவர் அந்தப் பக்கத்துக் கண்காணிப்பாளரிடம் போய்ப் பேசினார். இனிமேல் கோப்பு அனுப்பும் முன் எங்கள் எழுத்தர் வந்து உங்கள் எழுத்தரைப் பார்த்து என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும், பிறகு ஒரே தடவையில் முழுதாக அனுப்புகிறோம் என்றார். அவரும் சரி என்றார். இரண்டு பேரும் தங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை. கையெழுத்துகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கோப்பு ஒரே தடவை போய், ஒரே தடவை திரும்பியது. அந்த அம்மாவின் பெஞ்சு காலியானது. அந்த இரண்டு பேருக்கும் ஃபயோல் பெயர் தெரியாது. அவர் 1916இல் படம் போட்ட பாலத்தை அந்த வராந்தாவில் கட்டினார்கள்.

ஃபயோல் அரசு அலுவலகத்தைச் சும்மா தூரத்தில் நின்று குறை சொன்னவர் இல்லை. பிரெஞ்சு அஞ்சல், தந்தி, தொலைபேசித் துறையை ஆராய்ந்து 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே அரசின் தொழில் திறமையின்மை என்று காரமாக வைத்தார். அவர் கண்ட குறைகள்: தலைமையில் அடிக்கடி மாறும் அரசியல்வாதி, நீண்ட காலத் திட்டம் கிடையாது, வரவு செலவு உண்டே தவிர, சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகை கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலையீடு, நன்றாக உழைப்பவருக்கு ஊக்கமில்லை, யாருக்கும் பொறுப்பில்லை. ஊழியர்கள் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். 1923இல் அந்தத் துறைக்குத் தனி வரவு செலவுக் கணக்கு வைக்கப் பிரெஞ்சு அரசு சட்டம் செய்தது.

அவருக்கு மறுப்பும் வந்தது. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1946இல், இந்த வகை நிர்வாகக் கோட்பாடுகள் எல்லாம் பழமொழிகள் மாதிரி, ஒன்றுக்கு எதிர் ஒன்று உண்டு என்று எழுதினார். நம்மிடமும் "பதறாத காரியம் சிதறாது" என்று ஒன்று உண்டு. "அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்றும் ஒன்று உண்டு. எதை எப்போது எடுப்பது என்று பழமொழி சொல்லாது. 1973இல் கனடாவின் மின்ட்ஸ்பெர்க், ஐந்து நிறுவனத் தலைவர்களைக் கூடவே இருந்து கவனித்து, அவர்கள் உட்கார்ந்து திட்டமிட்டுக்கொண்டு இல்லை, நிமிஷத்துக்கு ஒரு குறுக்கீட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டினார். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் கோட்பாடு எதுவும் இறுகிய சட்டம் இல்லை, இடம் பார்த்து அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று ஃபயோலே எழுதியிருக்கிறார். அந்த அளவு எப்படி இருக்கும் என்பதை மூன்றாம் பாகம் காட்டியிருக்கும்.

எனக்கு அவரிடம் இருக்கும் மனக்குறை வேறு. கொமாந்த்ரியில் கிறிஸ்தோஃப் திவ்ரியே என்று ஒருவர் இருந்தார். ஃபயோல் பிறந்த அதே 1841இல் பிறந்தவர். சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். 1882இல் அந்த ஊர் அவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரான்சின் முதல் சோஷலிஸ்ட் நகரத் தலைவர் என்று சொல்வார்கள். 1889இல் நாடாளுமன்றம் போனபோதும் தொழிலாளியின் நீல அங்கியைக் கழற்றாமல் போனார். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே சுரங்கம். ஒருவர் மேலிருந்து பார்த்தார், ஒருவர் கீழிருந்து. நேர்மையும் கனிவும் சேர்ந்த நடுநிலை வேண்டும் என்று ஃபயோலின் கோட்பாடும் சொல்கிறது. ஆனால் அது மேலே இருப்பவர் தரும் நடுநிலை. லாயக்காரரோ திவ்ரியேயோ நிர்வாக நூல் எழுதியிருந்தால் வேறு சில கோட்பாடுகள் சேர்ந்திருக்கும்.

ஃபயோல் 1925 நவம்பரில், 84 வயதில், பாரிசில் காலமானார். அப்போதும் அரசுப் புகையிலைத் துறையின் நிர்வாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வேலையும் முடியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தாலுகா அலுவலகம், மின்துறை, பள்ளிக்கூடம், கொம்யூன் பஞ்சாயத்து, வங்கி என்று முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்கள். எங்கே ஏணி வேலையைக் கெடுத்தது, எங்கே யார் பாலம் போட்டார் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் எழுத மாட்டார்கள். நேரம் கிடைக்கும்போது ஒரு நோட்டில் நாலு பக்கம் எழுதி வையுங்கள். மேலாண்மை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.